ஸ்லைடு உள்ளே வர மறுத்த இரவு: புது மோட்டார்ஹோமின் முதல் பதினோரு மாதங்கள்

சொகுசு மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, முதல் பதினோரு மாதங்களில் அதனோடு நாங்கள் பட்ட பாட்டையும் கற்றுக்கொண்டதையும் பதிவு செய்வதற்காக இதை எழுதுகிறேன். புதிதாக வாங்கப்போகிறவர்கள் படிக்க வேண்டும். வாங்கிவிட்டு, ஏமாந்துவிட்டோமோ என்று தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மூன்றாவது மாதம் நாங்கள் அப்படித்தான் கிடந்தோம். விற்றுவிடலாம் என்று என் மனைவி சொல்லியேவிட்டாள்.

வண்டி 40 அடி நீளம். டீசல் என்ஜின், அதுவும் பின்பக்கத்தில். ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன். நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீளும் அறைகள், அதாவது ஸ்லைடுகள், மூன்று. உள்ளே வீட்டில் வைப்பது போன்ற முழு அளவு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு ஏசி, கேஸ் அடுப்பு. விளக்கு முதல் ஜன்னல் திரை வரை ஒரு தொடுதிரையிலேயே இயங்கும். இவ்வகை வண்டிக்கான பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வாங்கினோம் என்றாலும், ஓட்டப் பழகியதும் உள்ளே வாழப் பழகியதும் வேறு வேறு என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

ஒரு மோட்டார்ஹோமை ஒரே கம்பெனி முழுதாகச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வண்டியில் சேஸி, அதாவது அடிச்சட்டம், ஒருவருடையது, என்ஜின் இன்னொருவருடையது, கியர்பாக்ஸ் வேறொருவருடையது. அவற்றின் மேல் வீட்டைக் கட்டியவர் நான்காவது ஆள். ஃபிரிட்ஜ், ஏசி, இன்வெர்ட்டர், ஹீட்டர் ஒவ்வொன்றும் வேறு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி, தனிக் கையேடு. ஒரு முழங்கை உயரத்துக்குக் கையேடுகளைக் கொடுத்தார்கள். ஆனால் இந்தப் பொருள்களை ஒன்றோடொன்று சேர்க்கிற வயர்களுக்கும் குழாய்களுக்கும் கையேடு எதுவும் இல்லை. எங்கள் தொல்லைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறந்தன.

மூன்றாவது வாரத்தில் என் மனைவி ஒரு நோட்டுப் போட்டாள். எந்தத் தேதி, வண்டி சமமாக நின்றதா, வெளி கரண்டில் சொருகியிருந்ததா, பேட்டரி எத்தனை வோல்ட், அந்த நேரத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, என்ன நடந்தது என்று ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வரி. பதினோரு மாத முடிவில் 41 பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் பொருளே கெட்டுப்போய் மாற்ற வேண்டியிருந்தவை 9. மின்னழுத்தம் குறைந்ததால் வந்தவை 13. ஓட்டத்தின் அதிர்வில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்ததால் வந்தவை 11. மீதி 8, எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாததால் வந்தவை. ஆனால் பழுது நேர்ந்த அன்றைய குறிப்பைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "பொருள் மோசம்" என்றே எழுதியிருக்கிறோம்.

பேட்டரி மேல் போட்ட பழி

இரண்டாவது பயணத்தில் வெளி கரண்ட் இல்லாத திறந்த இடத்தில் தங்கினோம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மறுநாள் மாலைக்குள் பேட்டரி 12.1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, இன்வெர்ட்டர் எச்சரிக்கை கொடுத்தது. புது பேட்டரியே மோசம் என்று முடிவு கட்டி டீலரோடு சண்டை போட்டேன். அவர்கள் சோதித்துப் பார்த்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களிடம் இருந்தது 400 ஆம்பியர் மணி கொண்ட ஏஜிஎம் பேட்டரித் தொகுப்பு. ஈயம் சார்ந்த பேட்டரி என்பதால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, கையில் உள்ளது 200தான். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் எடுக்கிறது. அது 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் மணி. அந்த ஃபிரிட்ஜுக்காகவே இன்வெர்ட்டர் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். சும்மா விழித்திருக்கவே அது 25 வாட் எடுக்கும். 24 மணி நேரத்தில் 50 ஆம்பியர் மணி. அலாரங்கள், தொடுதிரை, கன்ட்ரோல் போர்டுகள் எல்லாம் சேர்ந்து தொடர்ச்சியாக ஓர் ஆம்பியர், அது 24. கூட்டினால் 199. ஒரு விளக்குகூடப் போடாமல், பம்பு ஓடாமல், ஒரே நாளில் எங்கள் பங்கு தீர்ந்துவிடுகிறது. பேட்டரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நான் திட்டிய மனிதரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன்.

அதற்குப் பிறகு காலையிலும் மாலையிலும் ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றுகிறோம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறலாம் என்று பலர் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து அது கிடைத்த வரை இழுக்கும். நடுவில் அந்த இழுப்பை அளவோடு நிறுத்தும் டிசி-டிசி சார்ஜர் இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம். 0 டிகிரிக்குக் கீழான குளிரில் அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. ஒன்றை மாற்றினால் அதோடு சேர்ந்தது எதுவோ அதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது மாதத்து இரவு

மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும் என்பதால், முந்தைய இரவே பெரிய ஸ்லைடை உள்ளே இழுத்துவிட நினைத்துப் பட்டனை அழுத்தினேன். ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. சமையலறை விளக்குகள் மங்கின. தொடுதிரை அணைந்து மறுபடி எழுந்தது. அதே நொடியில் தரையோரம் இருந்த கேஸ் அலாரம் கத்தியது.

கேஸ் அலாரம் கத்தினால் காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது. கதவைத் திறந்து இருவரும் வெளியே வந்தோம். சிலிண்டர் வால்வை மூடினேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்பதால் கதவுகளை விரியத் திறந்து நெடுநேரம் காத்திருந்தோம். வாசனை எதுவும் இல்லை. பிறகு வால்வைத் திறந்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

இதே மாதிரி முன்பே இரண்டு முறை நடந்திருந்தது. இரண்டு முறையும் பட்டறையில் விட்டோம். முதல் முறை ஸ்லைடின் கன்ட்ரோல் போர்டை மாற்றினார்கள், இரண்டாம் முறை கேஸ் அலாரத்தை. எங்கள் கண் முன்னாலேயே ஸ்லைடைப் பத்து முறை வெளியே தள்ளி உள்ளே இழுத்துக் காட்டினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்து, சரியாகிவிட்டது என்று நம்பி எடுத்துவந்த வண்டி அது. அன்று இரவு என் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த பெரியவர் டார்ச்சோடு வந்தார். பதினைந்து வருடமாக இப்படி ஒரு வண்டியிலேயே வாழ்கிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது மூணும் தனித்தனியா வருதா, ஒரே நேரத்துல வருதா?" என்றார்.

"ஒரே நேரத்துலதான் ஐயா. ஸ்லைடு பட்டனை அழுத்துறப்ப."

"பட்டறையில சோதிச்சப்ப வண்டி கரண்ட்ல சொருகியிருந்துச்சா?"

எனக்கு நினைவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "சொருகித்தாங்க இருந்துச்சு. ரெண்டு தடவையும் அந்த மஞ்சள் வயரைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன்."

அவர் தன் மல்ட்டிமீட்டரை எடுத்துவந்தார். முதலில் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பார்த்தார்: 12.3 வோல்ட். என்னைப் பட்டனை அழுத்தச் சொன்னார்: 11.7. சுமை ஏறும்போது அவ்வளவு இறங்குவது இயல்பு. அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை வண்டிச் சேஸியின் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தார். இரண்டும் ஒரு தடித்த எர்த் வயரால் இணைந்தவை, அதனால் மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தினேன். 1.8 வோல்ட்.

"கால் வோல்ட் வரைக்கும் பொறுத்துக்கலாம் தம்பி. இது நின்னு பார்க்க வேண்டிய இடம்."

குனிந்து, பேட்டரி அறைக்குப் பின்னால் அந்தக் கறுப்பு வயர் சேஸியில் முறுக்கப்பட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, புறங்கையை அருகே கொண்டுபோனார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். கதகதவென்று இருந்தது.

எல்லா மின் வழிகளையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றினோம். ஸ்பேனரை வைத்தால் நட் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று தளர்ந்திருந்தது. வயரின் முனையில் இருந்த லக்கை எடுத்துப் பார்த்தபோது அடியில் சேஸியின் கறுப்பு பெயின்ட் அப்படியே பளபளத்தது. வீட்டைக் கட்டும்போது பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். கரண்ட் முழுவதும் போல்ட்டின் மரை வழியாக மட்டும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான்கு மாத அதிர்வில் அந்த மரையும் தளர்ந்துவிட்டது. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தோம்: 0.08 வோல்ட். ஸ்லைடு 34 நொடியில் உள்ளே வந்து சேர்ந்தது. விளக்கு மங்கவில்லை, அலாரம் மூச்சுவிடவில்லை.

ஸ்லைடைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பு ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் இருந்த 11.7இல் எர்த் இணைப்பு 1.8ஐத் தின்றுவிட, பம்புக்கும் போர்டுக்கும் 9.9தான் போய்ச் சேர்ந்தது. எங்கள் போர்டு 10.5க்குக் கீழே நின்றுவிடும்படி அமைந்தது. மின்னழுத்தம் குறைந்தாலும் எங்கள் கேஸ் அலாரம் ஒலிக்கும். பட்டறையில் வண்டி சொருகியிருந்தபோது சார்ஜர் பேட்டரியை 13 வோல்ட்டுக்கு மேலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து 1.8 போனாலும் 11க்கு மேல் மிஞ்சும், ஸ்லைடு ஓடிவிடும். அங்கே பத்து முறை ஓடியதும் உண்மை, எங்கள் கையில் நின்றதும் உண்மை. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நிலையில் வண்டி நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது வேறு ஒரு கணக்கு. 100 ஆம்பியர், 1.8 வோல்ட், பெருக்கினால் 180 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழைச் சேர்த்துக் கட்டியது போன்ற சூடு, ஒரே போல்ட்டில். அதற்கு மேலே இருப்பது மரப்பலகைத் தரை. இன்னும் ஆறு மாதம் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. வண்டி யாருடையதாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளும் நாளில் வெளி கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஒரு இரவு முழுக்கப் பேட்டரியிலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதையும் டீலரின் இடத்திலேயே செய்யுங்கள்.

அளவுகள், படங்கள், சுரண்டாத பெயின்ட் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் நின்றபடியே படித்துவிட்டு, "சார், இதை நான் ஒரு காப்பி எடுத்துக்கலாமா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் புகாரை யாரும் இன்னொரு கம்பெனி பக்கம் தள்ளிவிடவில்லை. மற்ற எர்த் இணைப்புகளையும் அவர்களே திறந்து பார்த்தார்கள். இன்னும் இரண்டில் பெயின்ட் இருந்தது.

தண்ணீர்

ஆறாவது மாதம், நள்ளிரவில் தண்ணீர் பம்பு ஒரு நொடி துர்ரென்று ஓடி நின்றது. இருபது நிமிடம் கழித்து மறுபடி. குழாயில் அழுத்தம் குறைந்தால்தான் அந்தப் பம்பு ஓடும். எந்தக் குழாயும் திறக்காதபோது அது ஓடுகிறது என்றால் எங்கோ தண்ணீர் வெளியே போகிறது. பம்பு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நோட்டில் எழுதினேன், வழக்கம் போல.

கையெட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒன்று மட்டும் ஈரமாகத் தொங்கியது. பிளாஸ்டிக் நட், கையால் அரைச் சுற்றுத் திருப்பியதும் நின்றுவிட்டது. ஸ்பேனர் போட்டிருந்தால் விரிசல் விட்டிருக்கும். அப்புறம் எல்லா நட்டுகளிலும் நட்டையும் குழாயையும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தோம். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த பயணத்திலேயே மூன்று கோடுகள் விலகியிருந்தன.

வெளியிலிருந்து நேரடியாகத் தண்ணீர் இணைக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கக் கூடாது. சில இடங்களில் 100 பிஎஸ்ஐகூட வரும். எங்களுடையதை 50இல் வைத்திருக்கிறோம்.

கழிவறைத் தொட்டியின் வால்வை முதல் மாதம் திறந்தே வைத்திருந்தோம், வெளிக் குழாயில் தானாகப் போய்விடட்டும் என்று. நீர் மட்டும் ஓடிவிட்டது, மற்றது காய்ந்து அடியில் குவிந்தது. அதைக் கரைக்க மூன்று நாள் ஆனது. இப்போது வால்வை மூடிவைத்து, தொட்டி முக்கால் நிறைந்த பிறகே ஒரே வீச்சில் திறக்கிறோம். நிறைவைக் காட்டும் விளக்குகளை நம்புவதில்லை. சென்சார் மேல் அழுக்குப் படிந்தால் காலித் தொட்டியும் நிறைந்ததாகவே காட்டும்.

சாலையில்

வண்டி அலைபாய்கிறது, ஸ்டியரிங் சரியில்லை என்பது முதல் மாதத்திலேயே நாங்கள் எழுதிய புகார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த அதிகபட்ச காற்றையே எல்லாச் சக்கரங்களுக்கும் அடித்திருந்தோம். அது தப்பு. டயர் தாங்கும் எடைக்கு ஏற்பக் காற்று எவ்வளவு என்று டயர் கம்பெனி ஓர் அட்டவணை கொடுக்கிறது. தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் ஒவ்வொரு சக்கர முனையையும் தனித்தனியாக எடை போட்டோம். முன் அச்சின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 300 கிலோ கூடுதல். பாத்திரம், புத்தகம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் அந்தப் பக்கமே அடுக்கியிருந்தோம். சாமான்களை மாற்றி வைத்து, அதன் பிறகும் எந்தப் பக்கம் கனமோ அதற்கான காற்றை அந்த அச்சின் இரு பக்கமும் அடித்தோம். வண்டி நேராகப் போயிற்று, ஸ்டியரிங்கை யாரும் தொடவேயில்லை. இந்த வண்டிகளின் டயர் தேயும் முன்பே வயதாகிவிடும். அதில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு தயாரானது என்று சொல்லும்.

திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். பின் அச்சுக்குப் பின்னால் பத்தடிக்கு மேல் உடல் நீட்டிக்கொண்டிருப்பதால் வருவது இது. காலி மைதானத்தில் வண்டியின் ஓரத்தை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்ந்தேன். என் மனைவி பின் மூலை எட்டிய தூரத்தைக் குறித்து அளந்தாள்: 70 செ.மீ. பக்கத்தில் ஒரு வண்டியோ கம்பமோ அதற்குள் இருந்தால் இடித்திருப்போம். இப்போது கிளம்பும்போது முதல் ஒரு வண்டி நீளத்துக்கு நேராகவே போய், அப்புறம்தான் ஒடிக்கிறேன். ஏசியின் உச்சி வரை நாங்களே அளந்த உயரத்தைச் சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டியிருக்கிறோம்.

வரிசை தெரியாமல் பட்ட அடிகளில் ஒன்று: நிறுத்திய இடத்தில் வண்டியைச் சமமாகத் தாங்கும் ஜாக்கிகளைத் தூக்கிய கையோடு, சஸ்பென்ஷனின் ஏர் பேக்குகளில் காற்று நிறையும் முன்பே நகர்ந்து, வண்டியின் அடிப்பாகம் சரளைக் கல் மேட்டில் உரசியது. எங்கள் வண்டிக்கு முதலில் ஸ்லைடு, அடுத்து ஜாக்கி, அடுத்து காற்று. ஏர் பிரேக்கின் இரண்டு காற்று மீட்டர்களும் 100 பிஎஸ்ஐயைத் தாண்டிய பிறகே பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கிறேன். ஸ்லைடும் ஜாக்கியும் எந்த வரிசையில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அவரவர் கையேட்டில் உள்ளபடிதான் செய்ய வேண்டும். அந்த வரிசையை என் மனைவி உரக்கப் படிப்பாள், நான் செய்துவிட்டு "ஆச்சு" என்பேன்.

இப்போது பதினோராவது மாதம். திறந்த நிலையில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன: வேகம் கூடும்போது கதவோரம் வரும் காற்றுச் சத்தம், அப்புறம் பின் ஏசி சில சமயம் தானாக நிற்பது. இரண்டாவதற்கு வெளி கரண்டின் அழுத்தத்தைக் குறித்துவருகிறோம். நான்கு முறை நின்றதில் மூன்று முறை அழுத்தம் குறைவாக இருந்தது. நான்காவதற்குக் காரணம் பிடிபடவில்லை. ஸ்லைடு மெதுவாவதுதான் முதல் அறிகுறி என்பதால் ஒவ்வொரு முறையும் நொடி எண்ணி எழுதுகிறோம். நேற்றைய வரி, என் மனைவியின் கையெழுத்தில்: "கரண்டில் சொருகவில்லை. 12.4 வோல்ட். பெரிய ஸ்லைடு வெளியே 32, உள்ளே 34. எர்த் 0.08."